அதுவே போட்டுக்கும்

“சுவிட்ச அணைக்கறதத் தவிர இந்த ஜென்மத்துல உனக்கு வேற ஏதாச்சும் தெரியுமா?” பொள்ளாச்சியில் கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு தடவை கேட்டாயிற்று. ஆழியாறு சோதனைச் சாவடியில் வனத்துறை ஆள் டிக்கியைத் திறந்து பிளாஸ்டிக் பாட்டில் தேடிக்கொண்டிருந்தபோது, அவன் காதிலும் விழட்டும் என்று இன்னொரு தடவை. இப்போது மலை ஏறத் தொடங்கி நாலு வளைவுகூடத் தாண்டவில்லை, மூன்றாவது தடவை, எழுத்துப் பிசகாமல், ‘ஜென்மத்துல’ என்கிற இடத்தில் அதே அழுத்தத்தோடு கேட்கிறார் சென்னியப்பன், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே. பக்கத்து இருக்கையில் பிரமிளா வாயைத் திறந்தாள். தெரியுமே என்று ஆரம்பித்தால் போதும், மீதி தன்னால் வரும், கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்த சரக்கு உள்ளே அடுக்கி வைத்திருக்கிறது, எதை உருவினாலும் கூர்தான். தெரியுமே, உங்கம்மா படுக்கையில் கிடந்தப்ப பீ மூத்திரம் அள்ளத் தெரியும். தெரியுமே, உங்க ஆபீஸ் லெட்டருக்கு இங்கிலீஷ் திருத்தித் தரத் தெரியும், அதை நீங்களே எழுதினதா மேனேஜர்கிட்ட நீட்டினப்ப வாயைப் பொத்திக்கத் தெரியும். மூடிக்கொண்டாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவருக்கு நெஞ்சுக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்புகிற அன்று, அவரைச் சக்கர நாற்காலியில் முன்னால் போகவிட்டு, டாக்டர் இவளை மட்டும் நிறுத்திச் சொன்னார், மாத்திரை பாதி வேலைதாம்மா செய்யும், மீதியை நீங்க செய்யணும், அவரைக் கோபப்படுத்தாதீங்க என்று. இவள் நாக்கைப் பற்றி எப்படித் தெரிந்தது அந்த டாக்டருக்கு. முந்தின நாள் வராந்தாவில் நர்ஸிடம் இவள் நாலு வார்த்தை இங்கிலீஷில் சூடாகப் பேசியது காதில் விழுந்திருக்கும். அன்றிலிருந்து பேச வேண்டியதில் பாதியை விழுங்கிக்கொண்டிருக்கிறாள். அவரிடம் யாரும் எதையும் விழுங்கச் சொல்லவில்லை, மாத்திரையைத் தவிர.

பார்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். திரும்பிய வேகத்திலேயே கண் மறுபடி அங்கே போய் நின்றது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் பச்சையாக ஒளிர்கிற பேட்டரி எண்ணில். வீட்டிலிருந்து எடுக்கும்போது நூற்றுக்கு நாற்பத்தாறு. வால்பாறை போய்ச் சேர எவ்வளவு வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. சமதரையில் எவ்வளவு ஓடும் என்று ஷோரூமில் வாய் வலிக்கச் சொன்னான், நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் பேட்டரி என்ன கதி ஆகும் என்று இவர்கள் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி மூக்கைத் தூக்கும், முதுகு இருக்கையோடு ஒட்டும், எண் ஒன்று இறங்கும். ஏதாவது ஒரு வளைவில் இறங்காமல் நிற்கும், அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவில் சேர்த்துப் பிடித்து இரண்டாக இறங்கும். ஏ.சி.யை அவர்தான் அணைத்தார், சார்ஜ் மிச்சமாகுமாம். அவர் அணைத்தால் புத்திசாலித்தனம். வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. கண்ணாடியை இறக்கியதில் பாறைச் சூடும், முன்னால் முக்கிக்கொண்டு போகிற பஸ்ஸின் புகையும் உள்ளே வந்தன. பட்டுப் புடவைக்குள் முதுகுத்தண்டோடு வியர்வை ஒரு கோடாக இறங்கியது. இந்த வண்டியில் சத்தமே இல்லை, அதுதான் பெரிய தொல்லை. பழைய பெட்ரோல் வண்டி ஏற்றத்தில் மாடு மாதிரிக் கத்தும், அந்தக் கத்தலில் ஆள் இருமினாலும் தெரியாது, அழுதாலும் தெரியாது. இதில் எல்லாம் கேட்கிறது. டயர் சரளையை நெரிப்பது கேட்கிறது, அவர் எச்சில் விழுங்குவது கேட்கிறது, ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கைத் திருப்பி முடித்ததும் மூக்கால் விடுகிற மூச்சு கேட்கிறது. அது கொஞ்சம் நீளமாக இல்லையா? போன வளைவில் இவ்வளவு நீளமில்லை. போன வளைவிலும் இப்படித்தான், நீதான் கவனிக்கவில்லை.

டாக்ஸியில் போகலாம் என்று காலையில் சொன்னாள், ஒரே ஒரு தடவை, குரலை உயர்த்தாமல், அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது அந்தக் குரல். கேட்டால்தானே. அவர் தங்கை பூங்கொடி வால்பாறையில் வாழ்க்கைப்பட்டவள், அவள் மகளுக்கு இன்று சாயங்காலம் நிச்சயம், தாய்மாமன் வந்து நிற்காமல் தட்டு மாற்ற மாட்டார்கள். அதனால் போகாமல் இருக்க முடியாது. போவதும் இந்தக் காரில்தான் போக வேண்டும், ஏனென்றால் மாலை போட்ட காருக்கு முன்னால் இவர் கைகட்டி நிற்கிற படம் குடும்ப வாட்ஸ்அப்பில் போய், பூங்கொடி வீட்டுக்காரர், பேட்டரி வண்டியெல்லாம் மலை ஏறாது மச்சான், வெள்ளரிக்காய் வாங்கத்தான் ஆகும் என்று எழுதியிருந்தார், கூடவே சிரிக்கிற பொம்மை மூன்று. அந்த மூன்று பொம்மைக்காகத்தான் இந்த ஏற்றம். டாக்டர் மலைப்பாதையில் ஓட்டக் கூடாது என்று சொல்லவில்லையாம், களைப்பு வராமல் ஓட்டச் சொன்னாராம், இவரே அர்த்தம் பண்ணிக்கொள்கிறார், அவள் படித்த கான்வென்டில் பைபிளை சிஸ்டர் இமாகுலேட் அர்த்தம் பண்ணியது மாதிரி. வழியில் ஓர் ஓட்டலில் சார்ஜர் இருப்பதாக ஃபோன் காட்டியது, போய்ப் பார்த்தால் சாக்கைப் போர்த்திக் கயிறு சுற்றி நிறுத்தியிருந்தார்கள், பக்கத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. அங்கேயே அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சாம்பல் பூத்த மாதிரி. வெயில் என்று நினைத்தாள். வெயில்தானே?

நேற்று ராத்திரி. நேற்று ராத்திரியில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது மனசு, வளைவைச் சரியாக ஒடிக்காத லாரி மாதிரி முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல். தினமும் படுக்கப் போகுமுன் வீட்டைச் சுற்றி வருவாள்: கேஸ், மிக்ஸி, டிவி, வாசல் விளக்கு, ஹால் ஃபேன், கடைசியாகக் கார் ஷெட். ஏழாம் வகுப்பில் அவள்தான் லைட் மானிட்டர், நெஞ்சில் நீல ரிப்பன் குத்தி, எல்லாரும் ஜெபத்துக்குப் போன பிறகு வகுப்பு வகுப்பாகச் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடி வரிசையில் சேர வேண்டும். ஒன்று எரிந்தாலும் அது திருட்டு என்பார் சிஸ்டர் இமாகுலேட், ஆண்டவரிடமிருந்து திருடுவது. ஷெட்டில் சார்ஜர் பெட்டியில் நீல விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. சார்ஜ் ஏறும்போது பச்சையாக எரியும், அது அவளுக்குத் தெரியும். பச்சை இல்லை, அப்படியென்றால் முடிந்துவிட்டது, முடிந்த பிறகு எதற்குச் சிமிட்டல். டக். அவ்வளவுதான். அந்த டக் இப்போதும் கட்டைவிரலில் இருக்கிறது. நீலம் சிமிட்டினால் காத்திருக்கிறது என்று அர்த்தமாம். பன்னிரண்டு மணிக்கு மேல் வோல்டேஜ் நன்றாக இருக்கும், ஏ.சி.யும் சார்ஜரும் ஒன்றாக ஓடி ஃபியூஸ் போகாது என்று அவர் நேரம் வைத்திருந்தாராம், விடியும்போது நூறு நிற்க வேண்டியது. விடிந்ததும் பார்த்தால் நாற்பத்தாறு, அதோடு காலையிலிருந்து பராமரிப்புக்காக மின்தடை, பேப்பரில் போட்டிருந்தது, அதற்காகத்தான் ராத்திரியே போட்டது. எல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறார். சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லாமலும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவரிடம் எல்லாம் ஆச்சா, அணைச்சுட்டுப் படுக்கட்டா என்று கேட்டாள். அதுவே போட்டுக்கும், என்றார். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு ஆட்டோமேடிக் வைத்து ஒரு மாசம்தான் ஆகிறது, அதுவே போட்டுக்கும் அதுவே நிறுத்திக்கும். மோட்டாரைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள். நினைப்பார்களா?

ஏன் அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, ஷெட்யூல் போட்டிருக்கேன், தொடாதேன்னு. ஒன்பதாவது வளைவு வந்தது, கீழே ஆழியாறு அணை தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரிக் கிடந்தது, நாலைந்து பேர் முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவள் மனசு அந்த வார்த்தையிலேயே நின்றது. ஷோரூம். கார் வாங்கப் போன அன்று மெலிந்த ஒரு பையன், கழுத்தில் டை, ஃபோனை நீட்டி எந்த நேரத்துக்கு ஏற வேண்டும் என்று இதிலேயே வைக்கலாம் சார் என்று காட்டினான். இவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஓ, அப்ப இந்த ஸ்கெட்யூல்ல போட்டுட்டா, என்று ஆரம்பித்தார். ஷெட்யூல், என்றாள் அவள். கொசு அடிக்கிற மாதிரி, யோசிக்காமல், நாக்கு தானாகச் செய்தது. பையன் குனிந்து ஃபோனையே பார்த்தான், அவன் உதடு உள்ளே மடிந்தது. சென்னியப்பன் பேச்சை மாற்றிக் கலரைக் கேட்டார். அதற்கப்புறம் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. டைம் என்பார், அந்த இது என்பார், அதுவே போட்டுக்கும் என்பார். சொல்லக் கூச்சப்பட்டுத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறார். பொள்ளாச்சி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் படித்து டெப்டி மேனேஜர் வரைக்கும் வந்த மனுஷன் தன் சமையலறை வாசலில் நின்று ஒரு வார்த்தைக்குப் பயந்திருக்கிறார். பெங்களூரில் இருக்கும் மகளிடம் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னபோது, அம்மா, அமெரிக்காவில் எல்லாரும் ஸ்கெட்யூல்தான், ரெண்டும் சரிதான், அப்பாகிட்ட சொல்லு என்றாள். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வண்டியில் நூறு இருந்திருக்கும், ஏ.சி. ஓடியிருக்கும், அவர் இப்போது பழைய பாட்டு எதையாவது தப்பாக முனகிக்கொண்டு வந்திருப்பார். இப்போது சொல்லலாம். ஏனுங்க, ஸ்கெட்யூல்னும் சொல்லலாமாமுங்க. எப்படிச் சொன்னாலும் குத்துகிற மாதிரியே இருக்கிறது. உள்ளே நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள், நாலும் குத்தியது. இந்தத் தொண்டையில் சாதாரணமாக ஒரு வாக்கியம் வருவதற்கு வழியே இல்லையா.

இருபத்தி நாலு. பஸ் ஒதுங்கி வழி விட்டது, இவர் முந்தினார், முந்துவதற்கு மிதித்ததில் இருபத்தி மூன்று. ஃபோனில் சிக்னல் போய் வெகுநேரமாகிவிட்டது, மேல் மூலையில் சின்னப் பெருக்கல் குறி. நடுவில் நின்றுபோனால்? யானை. அட்டகட்டிக்கு இந்தப் பக்கம் சாயங்காலம் ரோட்டில் யானை நிற்கும் என்று வருஷத்துக்கு ஒருவர் வந்து சொல்கிறார், காரைத் தும்பிக்கையால் தள்ளி விளையாடிய வீடியோ யாரோ அனுப்பினார்கள், காருக்குள் ஆள் இருந்தார்களா இல்லையா என்று அதில் தெரியவில்லை. யானை பரவாயில்லை. நின்றுபோனால் இவர் இறங்குவார், இறங்கி பானெட்டைத் திறப்பார், திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரியாது என்பது தெரிந்துவிடக் கூடாது என்று குனிந்து நோண்டுவார், பிறகு தள்ளலாம் என்பார். தள்ளுவார். ஏற்றத்தில். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன அந்த ராத்திரி அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து செருப்பு மாட்ட முடியாமல், கேஸ்தான், கேஸ்தான், ஒரு சோடா கொடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கேஸ்தான் என்று அவளும் நம்பினாள், நம்பியதோடு நிற்காமல், ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா தின்னா சோடாவா வேலை செய்யும் என்று கேட்டாள். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அந்தக் கேள்வி வீட்டுக்குள் நின்றது. பிழைத்து வந்த பிறகும் அவர் அதை எடுக்கவில்லை. அவள் அதை மறந்திருப்பாள் என்று நினைக்கிறாரா, அவரே மறந்துவிட்டாரா, இல்லை இந்த ‘ஜென்மத்துல’ என்பதில் அதுவும் சேர்த்தியா?

“ஏனுங்க, கொஞ்சம் ஓரமா நிழல்ல நிறுத்தலாமுங்களா?”

“நின்னா சார்ஜ் ஏறுமா?”

“நான் வேணா ஓட்டறேன். மெதுவாப் போறேன்.”

“நீ உட்கார்ந்தா வண்டி தானா அணைஞ்சிரும்.”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, நல்ல பதில்தான், இந்த மனுஷனுக்கு வருஷத்துக்கு ஒரு நல்ல பதில் வரும், அதை இன்று செலவழித்திருக்கிறார். சிரிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். உதடு அசையவில்லை. மேலுதட்டின் மீசைக்குள் வியர்வை முத்து முத்தாக நின்றது. காற்று உள்ளே வருகிறது, குளிரத் தொடங்கிவிட்டது, அவளுக்கே முதுகு காய்ந்துவிட்டது, அவருக்கு ஏன் வேர்க்கிறது. கோபம். கோபத்தில் வேர்க்கும். இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து விரலை மடக்கி நீட்டினார், மறுபடி வைத்தார். நீளப் பயணத்தில் எல்லாரும் செய்வதுதான். அவளும் செய்து பார்த்தாள், தன் விரலை மடக்கி நீட்டி, ஒன்றும் தெரியவில்லை. கேட்கலாமா? நெஞ்சு வலிக்குதா என்று கேட்டால் உனக்கு அதுதான் ஆசையா என்பார், சத்தம் போடுவார், சத்தம் போட்டால் அழுத்தம் ஏறும். கேட்காவிட்டால் ஏறாது, ஆனால் கேட்காமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று கேட்கிறவர்கள் கேட்பார்கள், மகள் கேட்பாள், டாக்டர் கேட்பார், பூங்கொடி ஊரைக் கூட்டிக் கேட்பாள். பேசினாலும் அவள்தான், பேசாவிட்டாலும் அவள்தான். கைப்பையைத் திறந்து சாவதானமாகக் கர்ச்சீப் எடுப்பவள் போல உள்ளே துழாவினாள். சீப்பு, பவுடர், தாம்பூலத் தட்டில் வைக்க வாங்கிய மஞ்சள் கிழங்கு, அதற்கு அடியில் அந்தச் சின்ன அட்டை, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. இருக்கிறது. விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டாள். பையை மூடவில்லை.

முப்பதாவது வளைவில் பச்சை எண் மஞ்சளானது. முப்பத்தைந்தாவதில் டாஷ்போர்டு கீச்சென்று ஒரு சத்தம் போட்டு, அருகிலுள்ள சார்ஜ் நிலையத்தைத் தேடவா என்று இங்கிலீஷில் கேட்டது. தேடு தாயே தேடு. அவள் உள்ளே ஜெபம் சொல்லத் தொடங்கியிருந்தாள், பள்ளிக்கூடத்து ஜெபம், அவளுடைய சாமிக்குச் சம்பந்தமில்லாதது, அவசரத்துக்கு எப்போதும் அதுதான் முதலில் வருகிறது. அருள் நிறைந்த என்று ஆரம்பித்து நடுவில் வளைவில் அறுந்து, மறுபடி அருள் நிறைந்த. சாலையோரப் பாறையில் வரையாடு ஒன்று நின்று இவர்கள் வருவதையும் போவதையும் பார்த்தது. பதினான்கு. பதின்மூன்று. கடைசி வளைவு முடிந்தும் ஏற்றம் முடியவில்லை, மரங்களுக்கு நடுவே சாலை இழுத்துக்கொண்டே போனது, பனிமூட்டம் ஒரு பக்கத்திலிருந்து மெல்லப் படர்ந்து வந்தது. பன்னிரண்டு. பதினொன்று. பதினொன்றில் வெகு நேரம் நின்றது. பிறகு வண்டியின் மூக்கு தாழ்ந்தது. இரண்டு பக்கமும் தேயிலை, சீராக வெட்டிய பச்சை, அப்புறம் இறக்கம், இன்னும் இறக்கம், சக்கரம் தானாக உருண்டது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினொன்று பன்னிரண்டானது.

ஏறிவிட்டது. இறக்கத்தில் ஓடினால் தன்னால் சார்ஜ் ஏறும் என்று அந்த டை கட்டிய பையன் சொன்னது நிஜம்தான். இன்னும் கொஞ்ச தூரம், முழுக்க இறக்கம், போய்ச் சேர்ந்துவிடலாம், பூங்கொடி வாசலில் ஆரத்தியோடு நிற்பாள், அவள் வீட்டுக்காரர் காரைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்ப்பார். பிரமிளாவுக்குத் தோள் இரண்டும் இறங்கின, இவ்வளவு நேரம் காது வரைக்கும் தூக்கி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. இப்போது பாத்தியா என்பார். பாத்தியாடி, நான் சொன்னேனல்ல என்பார், ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டுவார், ஏ.சி.யைப் போடுவார், ஊர் போய்ச் சேர்கிற வரைக்கும் பேட்டரியைப் பற்றிப் பாடம் நடத்துவார், நடத்தட்டும், ராத்திரி முழுக்க நடத்தட்டும், எந்த வார்த்தையை எப்படிச் சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்கலாம். காத்திருந்தாள். பதின்மூன்று ஆனது. அவர் சொல்லவில்லை. பார்க்கவில்லையோ. ஏறியிருக்குதுங்க, பாருங்க, என்றாள். தேயிலைச் செடி பக்கம் வண்டி மெல்ல ஒதுங்கியது, சரளையில் கரகரவென்று ஏறியது, நின்றது. எண் பதின்மூன்றிலேயே இருந்தது. சார்ஜ் இருக்கிறது, சாலை இறங்குகிறது, பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. எதற்கு நிறுத்துகிறார் என்று அவள் எண்ணை விட்டுவிட்டு, கிளம்பியதிலிருந்து முதல் தடவையாக, முழுசாக அவர் பக்கம் திரும்பினாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தன. கண் திறந்திருந்தது, முன்கண்ணாடியைப் பார்த்தது. சட்டையின் கழுத்து நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. மூச்சைத் தேடினாள், இவ்வளவு நேரம் காதை அறுத்துக்கொண்டிருந்த அந்த மூச்சை, சத்தமில்லாத இந்த வண்டிக்குள் அது எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை, வந்தது, வந்து நடுவில் நின்றது. அட்டையைப் பிய்க்க வரவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தாள், மாத்திரை மடியில் விழுந்தது, பட்டின் மடிப்பில் உருண்டது, பிடித்துவிட்டாள். அவர் தாடையைக் கையால் தன் பக்கம் திருப்பினாள். அவ்வளவு கனம். அவளுக்கே தெரியாத ஒரு குரல் அவளுக்குள்ளிருந்து வந்தது, அதில் கூர் எதுவும் இல்லை.

“ஏனுங்க, நாக்கக் கொஞ்சம் தூக்குங்க.”